யாரு, எப்ப, எதை மாத்துனது? - ஆடிட் ட்ரெயிலின் கதை

வீடோ மனையோ வாங்கப் போறவங்களை நம்ம ஊர்ப் பெரியவங்க முதல்ல கேக்குற கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பாத்தியாப்பா?" கையில பட்டா இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். ஏன்னா பட்டா, இன்னைக்குத் தேதிக்கு நிலம் யார் பேர்ல இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். யார் யாருக்கு வித்தாங்க, நடுவுல எந்த பேங்க்ல அடமானம் வெச்சாங்க, மீட்டாங்களா இல்லையான்னு வரிசையா சொல்றது வில்லங்கச் சான்றிதழ்தான்.

பொட்டி தட்டுற மக்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா: பட்டாங்கிறது டேபிள்ல இருக்கிற ரோ. வில்லங்கம்ங்கிறது அந்த ரோவோட ஆடிட் ட்ரெயில்.

கொஞ்ச நாளா ஆபீஸ்ல நான் புடுங்குற ஆணி இதுதான். பல வருஷமா ஓடிட்டிருக்கிற ஒரு டேட்டாபேஸ் அப்ளிகேஷனுக்கு ஆடிட் ட்ரெயில் சேக்கணும். வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒவ்வொரு டேபிளுக்கும் பக்கத்துல ஒரு நிழல் டேபிள். இன்செர்ட், அப்டேட், டெலீட்னு எது நடந்தாலும் ஒரு ட்ரிக்கர் எழுந்து, பழைய மதிப்பு, புது மதிப்பு, யார் செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு நாலு விஷயத்தை அந்த நிழல் டேபிள்ல எழுதி வெச்சிடும். காலேஜ்ல டிபிஎம்எஸ் லேப்ல எல்லாரும் போட்டுப் பாத்த சமாச்சாரம்தான்.

ஆனா இந்த நாலு விஷயத்துக்குப் பின்னாடி இருக்கிற கதையைத் தேடிப் படிச்சப்ப, இது கம்ப்யூட்டர் சமாச்சாரமே இல்லைன்னு புரிஞ்சுது. இது பல ஆயிரம் வருஷப் பழக்கம். கம்ப்யூட்டர் வந்து அதைக் கெடுத்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கத்துக்கிட்டோம். அந்தப் பாடத்துக்கு சில பேர் கொடுத்த விலை ரொம்பப் பெருசு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

* * *

இன்னைக்கு துருக்கியில இருக்கிற கனேஷ் என்ற ஊரில், சுமார் 3900 வருஷத்துக்கு முன்னால அசீரிய வியாபாரிகள் கடன் கொடுக்கல் வாங்கலை களிமண் பலகையில் எழுதினாங்க. எழுதி முடிச்சதும் அந்தப் பலகையைச் சுத்தி இன்னொரு களிமண் உறை. உறைக்கு மேலேயும் அதே விவரத்தின் சாரம், அதோட சாட்சிகளின் முத்திரை. வெளியே எழுதியிருக்கிறது பற்றி சண்டை வந்தா உறையை உடைச்சு உள்ளே இருக்கிறதைப் பார்க்கலாம். வெளியே இருக்கிறதை ஒருத்தன் சுரண்டி மாத்தினாலும் உள்ளே இருக்கிறது அப்படியே இருக்கும்.

இங்கிலாந்து அரசாங்கக் கஜானாவுல நூத்துக்கணக்கான வருஷம் ஓடினது மரக்குச்சி முறை. ஒரு குச்சியில தொகைக்குத் தகுந்த மாதிரி வெட்டு போட்டு, நீளவாக்குல ரெண்டாப் பிளந்து, ஆளுக்கு ஒரு பாதி. பணம் கொடுத்தவர் கையில ஒண்ணு, வாங்கினவர் கையில ஒண்ணு. ஒருத்தர் ரகசியமா ஒரு வெட்டைக் கூட்டினா, ரெண்டு பாதியும் சேர்த்து வெச்சதும் குட்டு வெளிப்பட்டுடும். 1826ல இந்த முறையை நிறுத்தினாங்க. மிச்சமிருந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்பில் போட்டு எரிக்க, தீ பரவி நாடாளுமன்றமே எரிஞ்சு போச்சு. பழைய லாக் ஃபைலை க்ளீன் பண்ணப் போய் சர்வரையே கொளுத்தின கதை :-)

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பதிவு ரெண்டு கையில இருக்கு. கணக்கு வெச்சிருக்கிறவன் மட்டும் நினைச்சா அதை மாத்த முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

1494ல வெனிஸ் நகரத்துல லூகா பசியோலி என்ற பாதிரியார் போட்ட கணிதப் புத்தகத்தில், வியாபாரிகள் எப்படிக் கணக்கு எழுதணும்னு ஒரு பகுதி வருது. மூணு புத்தகம். நடந்ததை நடந்தபடி கிறுக்கி வைக்கிற சிட்டை, அதிலிருந்து ஒழுங்குபடுத்தின குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு. தப்பான இடத்துல ஒரு தொகையை எழுதிட்டா என்ன செய்யணும்? அழிக்கக் கூடாது. அதுக்கு எதிர்ப்பதிவு ஒண்ணு போட்டு நேர் செய்யணும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

நம்ம பக்கத்துக்கு வந்தா, உத்திரமேரூர் கல்வெட்டு. பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தக சோழன் காலம். குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் அதைப் பாடத்துல படிச்சிருப்போம். யார் யார் நிக்கக் கூடாதுன்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. முன்னாடி வாரியத்தில் இருந்துட்டு கணக்குக் காட்டாமப் போனவங்களுக்கு இடமில்லை. அவங்க நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் இடமில்லை!

ஆடிட் என்ற சொல்லே லத்தீன்ல 'கேட்பது' என்ற வேர்ல இருந்து வந்தது. கணக்கை ஒருத்தர் சத்தமா வாசிப்பார், இன்னொருத்தர் உக்காந்து கேப்பார். எழுதினவர் வேற, கேக்குறவர் வேற.

நம்ம பத்திரப் பதிவையே எடுத்துக்கங்க. 1908 பதிவுச் சட்டம். பத்திரத்துல அடித்தல் திருத்தல் இருந்தா, அதை எழுதிக் கொடுத்தவங்க கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்டால் ஒழிய சார்பதிவாளர் அதை ஏத்துக்காம திருப்பி அனுப்பலாம் (20ஆம் பிரிவு). பதிவுப் புத்தகத்துல ஒவ்வொரு பதிவுக்கும் தொடர் எண் போடணும், வருஷா வருஷம் ஒண்ணுல இருந்து தொடங்கணும் (53ஆம் பிரிவு). நடுவுல 412 இருந்து, 414 இருந்து, 413 இல்லைன்னா உடனே கேள்வி வரும். இன்னைக்கு நான் ஆடிட் டேபிள்ல விட்டுப்போகாத வரிசை எண் வேணும்னு மெனக்கெடுறதை, அந்தச் சட்டம் எழுதினவங்க பேனாவும் பேப்பரும் வெச்சே செஞ்சிருக்காங்க.

* * *

சரி, கம்ப்யூட்டர் எப்படி இதைக் கெடுத்துச்சு?

ஆரம்பத்துல கெடுக்கலை. காந்த நாடா காலத்துல கணக்கு இப்படித்தான் ஓடுச்சு: பழைய மாஸ்டர் டேப் ஒரு பக்கம், அன்னைக்கு வந்த பரிவர்த்தனை டேப் ஒரு பக்கம், ரெண்டையும் சேத்துப் படிச்சு புது மாஸ்டர் டேப் எழுதுவாங்க. நாடாவுல நடுவுல போய் ஒரு எண்ணை மட்டும் மாத்துறது கஷ்டம். அதனால பழைய டேப் அப்படியே மிஞ்சும். புது டேப் மகன், நேத்தைய டேப் அப்பா, முந்தாநாள் டேப் தாத்தான்னு மூணு தலைமுறையை எடுத்து வெப்பாங்க. வேணும்னு யோசிக்காமலே வரலாறு தானா சேர்ந்துச்சு.

1956ல ஐபிஎம் 'ராமாக்' என்ற மெஷினைக் கொண்டு வந்தாங்க. அதுலதான் உலகத்தின் முதல் வியாபார ஹார்டு டிஸ்க். 50 தட்டு, மொத்தமா 50 லட்சம் எழுத்து பிடிக்கும். அந்தப் பெயரின் விரிவிலேயே 'அக்கவுண்டிங் அண்ட் கன்ட்ரோல்' இருக்கு. கணக்கு வெக்கத்தான் அந்த டிஸ்க்கே வந்தது. அதோட பெரிய வசதி என்னன்னா, எந்த இடத்துக்கும் நேரே போய் அங்க இருக்கிறதை அழிச்சுட்டுப் புதுசு எழுதலாம். 5000 இருந்த இடத்துல 3000 எழுதினா, 5000 இருந்ததுக்கு அடையாளமே கிடையாது. பசியோலி செய்யக் கூடாதுன்னு சொன்னதை, மெஷின் ஒரு நொடியில செஞ்சு கொடுத்துச்சு.

அன்னைக்கு டிஸ்க் விலை அப்படி. பழசையும் வெச்சுக்கங்கன்னு சொன்னா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆக அப்டேட்னா அழிச்சு எழுதுறதுன்னு ஒரு தலைமுறையே பழகிடுச்சு. நாமளும் அப்படித்தானே படிச்சோம்?

இதை முகத்துல அடிச்ச மாதிரி சொன்னவர் ஜிம் கிரே. டேட்டாபேஸ் படிச்சவங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1998ல ட்யூரிங் விருது வாங்கினவர். 1981ல ட்ரான்ஸாக்‌ஷன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டை ஒருநாளும் அழிச்சதில்லை, தப்பு வந்தா இன்னொரு பதிவு போட்டு சரிக்கட்டினாங்க, நாம டிஸ்க் கிடைச்சதும் அந்த நல்ல பழக்கத்தை விட்டுட்டோம்னு அதுல வாதாடுறார். அதே இடத்துல அழிச்சு எழுதுறது விஷம் தடவின ஆப்பிளா இருக்குமோன்னும் கேக்குறார். களிமண் பலகைக் காலத்துல இருந்தே கதையை ஆரம்பிக்கிறார் மனுஷன். 2007 ஜனவரி 28ஆம் தேதி, தன் அம்மாவின் அஸ்தியைக் கடல்ல கரைக்க சான் ஃப்ரான்சிஸ்கோவில் இருந்து தனியா பாய்மரப் படகுல போனவர் திரும்பவே இல்லை. சாட்டிலைட் படங்களை வெச்சு ஊர் உலகத்து இன்ஜினியர்கள் எல்லாம் தேடினாங்க. ஒரு தடயமும் கிடைக்கலை.

* * *

இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிடுறேன். "டேட்டாபேஸ்லதான் ஏற்கனவே லாக் இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா ஆடிட்?"னு நிறைய பேர் கேப்பாங்க. எங்க டேமேஜர் உட்பட.

டேட்டாபேஸுக்குள்ள இருக்கிற லாக், கரண்ட் போய் வந்தா எழுந்து நிக்கிறதுக்கு. அரைகுறையா நின்னதை ரத்து பண்ணி, முடிஞ்சதைத் திரும்ப எழுதுறதுக்கு. இதை ஒழுங்கா எப்படிச் செய்யணும்னு சொன்ன 'ஏரீஸ்' என்ற முறை 1992ல வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படிச்சுட்டு ஐபிஎம் போனவர். பின்னாடி வந்த பல டேட்டாபேஸ்கள் அந்த வழியைப் பின்பற்றுது. ஆனா அந்த லாக் வேலை முடிஞ்சதும் இடத்துக்காக அழிக்கப்படும். அதுல எந்த பைட் மாறுச்சுன்னு இருக்கும், எந்த மனுஷன் மாத்தினான்னு இருக்காது. அது மெஷினுக்காக எழுதின லாக். ஆடிட் ட்ரெயில் மனுஷங்களுக்காக எழுதுறது, அதுவும் என்னைக்கோ வரப்போற ஒரு சண்டைக்காக எழுதுறது.

வரலாற்றை டேட்டாபேஸே வெச்சுக்கிட்டா என்னன்னு யோசிச்சவரும் உண்டு. மைக்கேல் ஸ்டோன்ப்ரேக்கர் 1980களில் போஸ்ட்கிரஸ் கட்டினப்ப, எதையும் அழிக்காம பழைய ரோவை அப்படியே விட்டுட்டு புது ரோ எழுதுற மாதிரி வடிவமைச்சார். போன மாசம் இதே தேதியில இந்த டேபிள் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பதில் வரும். 'டைம் ட்ராவல்'னு அதுக்குப் பேரு. இடமும் வேகமும் இடிச்சுது. 1997ல வந்த 6.2 பதிப்புல அந்த வசதியைத் தூக்கிட்டாங்க. அப்புறம் எஸ்க்யூஎல் தரத்தோட 2011 பதிப்புல அதே யோசனை வேற பேர்ல வந்துச்சு. எஸ்க்யூஎல் சர்வர் 2016ல இருந்து அது கிடைக்குது. டிஸ்க் விலை குறைஞ்சதும் பழைய நல்ல பழக்கம் திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். நடுவுல இருந்த காலத்துக்குத்தான் நம்ம ட்ரிக்கர்கள்.

* * *

லாக் இருந்தா மட்டும் போதுமா? யாராவது அதைப் பாக்கணும். இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1986ல நடந்தது.

கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃப் ஸ்டோல் என்ற வானியல்காரர், ஆராய்ச்சிப் பணம் தீர்ந்து போனதால கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாத்தப்படுறார். அங்க கம்ப்யூட்டர் நேரத்துக்குக் காசு கணக்குப் பாக்க ரெண்டு தனித்தனி ப்ரோக்ராம் ஓடுது. மாசக் கடைசியில ரெண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம். ஒரு டாலர்கூட இல்லை. நம்மளா இருந்தா ரவுண்ட் பண்ணும்போது விட்டுப்போச்சுன்னு டிக்கெட்டை மூடியிருப்போம். அவர் விடலை. தோண்டினார். யாரோ வெளியாள் உள்ளே வந்து போறது தெரிஞ்சுது.

அடுத்து அவர் செஞ்சதுதான் முக்கியம். வந்தவன் சிஸ்டத்துல முழு அதிகாரத்தோட இருக்கான். சிஸ்டத்துக்குள்ளேயே லாக் எழுதினா அவன் அழிச்சிடுவான். அதனால ஸ்டோல், ஆபீஸ்ல கிடைச்ச பிரிண்டரையும் டெர்மினலையும் எல்லாம் கடன் வாங்கி உள்ளே வர்ற லைன்கள்ல மாட்டிட்டார். திருடன் தட்டுற ஒவ்வொரு எழுத்தும் பேப்பர்ல அச்சாச்சு. பேப்பர்ல விழுந்ததை மோடம் வழியா வந்து அழிக்க முடியாது இல்லையா? கடைசியில ஆள், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ். திருடினதை சோவியத் உளவுத்துறை கேஜிபிக்கு வித்துக்கிட்டிருந்த கும்பல்ல ஒருத்தர்.

களிமண் உறையும், மரக்குச்சியும், இந்த பிரிண்டரும் ஒரே யோசனைதான். மாத்த ஆசைப்படுறவன் கைக்கு எட்டாத இடத்துல ஒரு நகல் இருக்கணும்.

* * *

இனி சொல்லப் போறது சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை இல்லை.

பிரிட்டன்ல ஊருக்கு ஊர் இருக்கிற சின்ன தபால் நிலையங்களை சப்-போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துறாங்க. பெரும்பாலும் ஒரு மளிகைக்கடை, அதுக்குள்ள ஒரு தபால் கவுண்டர். நம்ம நாட்டுல இருந்து போனவங்களும் நிறைய பேர். 1999ல இருந்து அந்தக் கவுண்டர்கள்ல 'ஹொரைசன்'னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க. கட்டினது ஃபுஜிட்சுவின் கையிலிருந்த ஐசிஎல். ராத்திரி கடையை மூடி கணக்கு பார்த்தா, கல்லாவில் இருக்கிற பணத்தைவிட சிஸ்டம் அதிகமா காட்டும். ஒப்பந்தப்படி துண்டு விழுந்த தொகையை சப்-போஸ்ட்மாஸ்டர் கையிலிருந்து கட்டணும்னு தபால் நிறுவனம் சொல்லுச்சு. கட்ட முடியாதவங்க மேல திருட்டு, பொய்க்கணக்குன்னு கேஸ். 1999க்கும் 2015க்கும் நடுவுல 900 பேருக்கும் மேல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினாங்க. அதுல பெரும்பாலான கேஸ்களை நடத்தினது போலீஸ் இல்லை, தபால் நிறுவனமே.

சீமா மிஸ்ரா, சர்ரே பகுதியில வெஸ்ட் பைஃப்லீட் என்ற ஊர்ல கடை வெச்சிருந்தவர். 74,000 பவுண்ட் காணோம்னு கேஸ். கம்ப்யூட்டர் விவரங்களைத் தரச் சொல்லி அவர் தரப்பு திரும்பத் திரும்ப கேட்டுச்சு. 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை. அப்போ அவர் எட்டு வாரக் கர்ப்பிணி. அன்னைக்கு அவர் மூத்த பையனோட பத்தாவது பிறந்தநாள்.

சிஸ்டத்துல பிழை இல்லையா? இருந்துச்சு. ஒரே ஒரு உதாரணம், 2015ல டால்மெல்லிங்டன் என்ற ஸ்காட்லாந்து ஊர்ல நடந்தது. 8000 பவுண்ட் வரவு வைக்க ஒருத்தர் முயற்சி செய்யறார். திரை நகரலை. திரும்பத் திரும்ப பட்டனைத் தட்டுறார். ஒவ்வொரு தட்டலும் ஒரு வரவாப் பதிவாகி, 24,000 பவுண்ட் துண்டு விழுது.

இப்போ ஆடிட் ட்ரெயிலுக்கு வருவோம். ஹொரைசன்ல ஆடிட் ட்ரெயில் இல்லாம இல்லைங்க. ஒவ்வொரு கவுண்டர்ல நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனி ஆடிட் கிடங்குல சேமிக்கப்பட்டுச்சு. அப்புறம் என்ன தப்பாச்சு? மூணு விஷயம்.

முதலாவது, அந்த ஆடிட் யார் கையில இருந்துச்சு? ஃபுஜிட்சு கையில. கேட்டு வாங்க வேண்டியது தபால் நிறுவனம். கேஸ் போட்டதும் அதே தபால் நிறுவனம்தான். பல கேஸ்கள்ல அந்த ஆடிட் விவரத்தை எடுக்கவே இல்லைன்னு 2021ல மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டுச்சு. தன் கடைக் கணக்குல எந்த வரி தப்புன்னு பாக்குற உரிமை, ஜெயிலுக்குப் போகப் போறவருக்கு இல்லை. மரக்குச்சியோட ரெண்டு பாதியும் ஒரே ஆள்கிட்ட இருந்த மாதிரி.

ரெண்டாவது, 'யார்' என்ற பத்தி. ஃபுஜிட்சு ஆட்கள் தூரத்துல இருந்தே ஒரு கடைக் கணக்குக்குள்ள பரிவர்த்தனையை நுழைக்க முடியும். தபால் நிறுவனம் அப்படி முடியவே முடியாதுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்துச்சு. முடியும்னு 2019 டிசம்பர் 16ஆம் தேதி நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்புல உறுதியாச்சு. அதைவிட மோசம், பழைய ஹொரைசனில் கவுண்டர் வழியா நுழைச்சா, அது அந்த சப்-போஸ்ட்மாஸ்டரே செஞ்ச மாதிரி அவர் ஐடியிலேயே விழக்கூடும். யோசிச்சுப் பாருங்க. ஆடிட் ட்ரெயில்ல பெயர் இருக்கு, தேதி இருக்கு, நேரம் இருக்கு, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ஆனா பெயர் தப்பு.

மூணாவது, அதிகாரம் அதிகமா உள்ளவங்க மேல கண்காணிப்பு கம்மி. சிஸ்டத்துல எதையும் மாத்தக்கூடிய சிறப்பு யூசர்கள் உள்ளே வந்தாங்க, வெளியே போனாங்கன்னு மட்டும்தான் 2015க்கு முன்னாடி லாக் ஆச்சு. உள்ளே என்ன செஞ்சாங்கன்னு இல்லை. கடைக்காரம்மா ஒரு ஸ்டாம்ப் வித்தா லாக், எல்லாத்தையும் மாத்தக்கூடியவர் மாத்தினா லாக் இல்லை.

இதுக்கு மேல சட்டமும் சேந்துக்கிச்சு. கம்ப்யூட்டர் ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு முதல்ல நிரூபிக்கணும்னு 1984ல இருந்து இங்கிலாந்துல ஒரு விதி இருந்துச்சு. 1999 சட்டத்துல அதை எடுத்துட்டாங்க. 2000 ஏப்ரல்ல இருந்து, மறுக்க ஆதாரம் காட்டாத வரைக்கும் கம்ப்யூட்டர் சொல்றது சரின்னே கோர்ட் எடுத்துக்கிச்சு. ஹொரைசன் ஊர் ஊரா போய்க்கிட்டிருந்த அதே சமயம். ஆதாரம் இருக்கிறது எதிராளி கையில. என்ன கொடுமை சார் இது!

ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில 555 பேர் சேர்ந்து வழக்கு போட்டதாலதான் 2019 தீர்ப்பே வந்துச்சு. 2021 ஏப்ரல் 23ஆம் தேதி சீமா மிஸ்ராவையும் சேர்த்து 39 பேரோட தண்டனை ரத்தாச்சு. 2024 மே மாசம் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மத்த நூத்துக்கணக்கான தீர்ப்புகளை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணுச்சு. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் பாகம், குறைஞ்சது 13 பேரோட தற்கொலைக்கு இது காரணமா இருந்திருக்கலாம்னு சொல்லுது. அவங்களுக்கு எந்த ரோல்பேக்கும் கிடையாது.

* * *

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம், ட்ரிக்கர் எழுத உக்காரும்போது நான் கேட்டுக்கிற கேள்விகள் மாறிடுச்சு. உங்களுக்கும் உதவலாம்:

1. 'யார்' பத்தியில நிஜமா யார் இருக்காங்க? இன்னைக்கு வெப் அப்ளிகேஷன்ல 500 பேர் லாகின் பண்ணினாலும், டேட்டாபேஸுக்கு எல்லாரும் ஒரே யூசரா போய்ச் சேர்றதுதான் வழக்கம். ட்ரிக்கர் டேட்டாபேஸ் யூசரை மட்டும் எழுதினா 500 பேர் செஞ்சதும் ஒரே பேர்ல இருக்கும். அதனால உள்ளே வந்த நிஜ ஆளின் ஐடியை ஒவ்வொரு ட்ரான்ஸாக்‌ஷனோடும் சேத்து அனுப்பணும். ஒருத்தர் இன்னொருத்தருக்காக செஞ்சா ரெண்டு பேரையும் எழுதணும்.

2. பின்வாசல் வழியா வந்தா பதிவாகுமா? பதிவு பண்ணாத பத்திரம் வில்லங்கத்துல வராது. அதே மாதிரி ட்ரிக்கரை நிறுத்திட்டு செஞ்ச அப்டேட் ஆடிட்ல வராது. ட்ரிக்கரை நிறுத்துற செயலே ஒரு லாக்ல விழணும்.

3. டிபிஏ நினைச்சா ஆடிட் டேபிளை மாத்த முடியுமா? முடியும்னா நகல் வேற ஆள் பொறுப்புல, வேற இடத்துல போகணும். 1991ல ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் ஒரு வழி சொன்னாங்க. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஹேஷ் எண், அதுல முந்தின பதிவின் ஹேஷும் கலந்திருக்கும். நடுவுல ஒண்ணைத் தொட்டா அதுக்குப் பின்னாடி உள்ளது அத்தனையும் பொருந்தாமப் போகும். அவங்க கம்பெனி 1995ல இருந்து வாரா வாரம் அந்த ஹேஷை நியூயார்க் டைம்ஸ் வரி விளம்பரத்துல போட்டுச்சு. ஊர் முழுக்க கையில இருக்கிற பேப்பரை எவன் போய் மாத்துவான்? மரக்குச்சியோட இன்னொரு பாதி :-)

4. யார் மேல கை நீளப் போகுதோ அவங்களால இதைப் பாக்க முடியுமா? இந்தக் கேள்வி எந்த ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்லயும் வராது. ஹொரைசனைப் படிச்சப்புறம் எனக்கு இதுதான் முதல் கேள்வியா இருந்திருக்கணும்னு தோணுது.

நம்ம நாட்டுலயும் இது இப்ப சட்டமாயிடுச்சு. கம்பெனிகள் பயன்படுத்துற கணக்கு சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோட எடிட் லாக் இருக்கணும், அதை நிறுத்த முடியாதபடி இருக்கணும்னு 2021ல விதி வந்து, ரெண்டு தடவை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலாச்சு. வருஷம் பூரா அது ஓடுச்சா, யாராவது அதுல கை வெச்சாங்களான்னு ஆடிட்டர் தன் அறிக்கையில சொல்லணும். 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கிற புது சாட்சியச் சட்டத்துல, கம்ப்யூட்டர் பதிவை கோர்ட்ல கொடுக்கும்போது கூட வைக்கிற சான்றிதழ்ல ஹேஷ் எண்ணும் எழுதணும்.

நல்ல விஷயம்தான். ஆனா ஹொரைசன்லயும் ஆடிட் இருந்துச்சுங்கிறதை மறந்துடக் கூடாது. எடிட் லாக் இருக்கான்னு கேட்டு டிக் போடுறது சுலபம். அந்த லாக் யார் பேரை எழுதுது, யார் கையில இருக்கு, யார் கேட்டா தருவாங்கன்னு கேக்குறதுதான் கஷ்டம். அந்தக் கேள்விகளைக் கேக்க சட்டம் தெரிஞ்சிருக்கணும்னு இல்லை. ட்ரிக்கர் எழுதுற நம்ம மாதிரி ஆளுங்களே டிசைன் மீட்டிங்ல கேக்கலாம்.

உங்க ஆபீஸ் சிஸ்டத்துல 'யார்' பத்தியில என்ன விழுதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுங்க. பேங்க், ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல வேலை பாக்கிற மக்கள் கண்டிப்பா சொல்லணும்.